ஷெங்கன் விசா: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு ஒரே அனுமதியாக இருக்கும் ஷெங்கன் விசாவுக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்ற பட்டியல் எல்லாத் தூதரகத் தளங்களிலும் இருக்கிறது. எதை எந்த வரிசையில் தயார் செய்வது என்பதைத்தான் அவை சொல்வதில்லை. புதிதாக விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டில் தொடங்குவார்கள். பிறகு விண்ணப்பம் கொடுக்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் தேதியை மாற்றுவார்கள். அப்போது ஹோட்டலில் ஒரு தேதி, இன்ஷூரன்ஸில் இன்னொரு தேதி, லீவு கடிதத்தில் மூன்றாவது தேதி என்று ஆகிவிடும். தாள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரிதான், சேர்த்து வைத்தால்தான் இடிக்கும். கோப்பைப் பார்க்கும் அதிகாரி சேர்த்து வைத்துத்தான் பார்க்கிறார்.

இங்கே சொல்வது குறுகிய காலத் தங்கலுக்கான 'சி' வகை விசா பற்றி. சுற்றுலா, உறவினர் வீடு, சிறு அலுவல் பயணம் ஆகியவை இதில் அடங்கும். எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. வேலைக்கும் நீண்ட படிப்புக்கும் அந்தந்த நாட்டின் 'டி' வகை விசா வேண்டும். அது வேறு வழி.

1. எந்த நாட்டுத் தூதரகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஷெங்கனில் 29 நாடுகள் உள்ளன. ஒரே விசாவில் எல்லாவற்றுக்கும் போகலாம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். விதி அப்படியில்லை. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக வந்தால், முதலில் நுழையும் நாடு.

பாரிஸில் 4 இரவு, ஆம்ஸ்டர்டாமில் 2 இரவு, சூரிச், லூசர்ன் இரண்டிலும் சேர்த்து 5 இரவு என்று வைத்துக்கொள்வோம். விமானம் பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பம் சுவிட்சர்லாந்துக்குத்தான். பாரிஸில் ஓர் இரவைக் கூட்டி சுவிஸில் ஒன்றைக் குறைத்தால் பிரான்ஸுக்குப் போக வேண்டும். ஊர்வாரியாக இரவுகளை எண்ணி முடிக்காமல் எந்த அப்பாயின்ட்மென்டும் எடுக்காதீர்கள் என்பது இதனால்தான். இடம் மாறிப் போன விண்ணப்பத்தை அந்தத் தூதரகம் ஏற்காது.

'அந்த நாடு சுலபமாகக் கொடுக்கும்' என்று கேள்விப்பட்டு அங்கே விண்ணப்பித்துவிட்டு, விசா வந்ததும் ஹோட்டலை ரத்து செய்து வேறு நாட்டுக்குப் போகும் பழக்கம் ஒன்று உண்டு. எல்லையில் கேள்வி வரும். அடுத்த விண்ணப்பத்தில் பழைய பயணத்தைக் கேட்டால் பதில் இருக்காது.

எது உள்ளே, எது வெளியே என்பதிலும் குழப்பம் உண்டு. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு நாள் லண்டன் போய்த் திரும்பும் திட்டம் இருந்தால் தனியாக பிரிட்டன் விசா வேண்டும். ஷெங்கன் விசாவிலும் குறைந்தது இரண்டு முறை நுழையும் அனுமதி கேட்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் இடம் நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாடு. வேறு நாட்டில் வேலை பார்ப்பவர் லீவில் சொந்த ஊருக்கு வந்திருக்கும்போது அங்கே விண்ணப்பிக்கப் போனால், பொதுவாக வசிக்கும் நாட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள்.

2. பாஸ்போர்ட்டை மூன்று இடங்களில் சரிபாருங்கள்

கடைசி 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். குறைந்தது 2 வெற்றுப் பக்கங்கள் வேண்டும். இவற்றில் ஒன்று இடித்தாலும் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். அப்பாயின்ட்மென்ட் எடுத்த பிறகு பாஸ்போர்ட் எண் மாறினால் எல்லாத் தாளிலும் எண்ணை மாற்ற வேண்டியிருக்கும்.

நமக்கே உரிய தலைவலி பெயர். குடும்பப் பெயர் கட்டம் காலியாக, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும் பாஸ்போர்ட்டுகள் நிறைய. இன்னொரு பக்கம், அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். வங்கிக் கணக்கிலோ வெறும் இனிஷியல் இருக்கும். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். டிக்கெட், இன்ஷூரன்ஸ், ஹோட்டல் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல். வங்கிக் கணக்கில் 'எஸ். குமரன்', பாஸ்போர்ட்டில் 'குமரன் சுப்பையா' என்று இருந்தால், இரண்டும் ஒருவரே என்று கவரிங் லெட்டரில் (விண்ணப்பத்தோடு நீங்கள் வைக்கும் விளக்கக் கடிதம்) ஒரு வரி எழுதினால் போதும். எழுதாமல் விட்டால், கணக்கு யாருடையது என்ற சந்தேகம் மிஞ்சும்.

3. டிக்கெட்டுக்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட்

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல 15 நாள் எடுத்துக்கொள்வார்கள். கூடுதல் விசாரணை வேண்டுமென்றால் 45 நாள் வரை நீட்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே பயணத்துக்கு இரண்டரை, மூன்று மாதம் முன்னால் கோப்பைக் கொடுப்பது நிம்மதி. கோடைகாலப் பயணத்துக்கு இன்னும் முன்னால் பார்க்க வேண்டும், அப்போது அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு.

தேதியைத் தோராயமாக முடிவு செய்து, அப்பாயின்ட்மென்டை உறுதி செய்து, அதற்குப் பிறகுதான் ஹோட்டல், டிக்கெட், இன்ஷூரன்ஸ். குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனி அப்பாயின்ட்மென்ட் வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒன்று மட்டும் எடுத்துவிட்டு வாசலில் நிற்பவர்களை எல்லா விசா விண்ணப்ப மையங்களிலும் பார்க்கலாம்.

கோப்பு கொடுத்ததிலிருந்து பாஸ்போர்ட் பொதுவாகத் தூதரகத்திடம்தான் இருக்கும். அந்த இடைவெளியில் வேறு வெளிநாட்டுப் பயணம் வைக்காதீர்கள்.

4. நாள்வாரிப் பயணத் திட்டம்

ஓர் அட்டவணை போடுங்கள்: தேதி, ஊர், அன்று என்ன செய்கிறீர்கள், இரவு எங்கே தங்குகிறீர்கள், அடுத்த ஊருக்கு எப்படிப் போகிறீர்கள். இதுதான் முதுகெலும்பு. மற்ற எல்லாத் தாள்களின் தேதியையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இரவு விமானத்தில் கவனம் தேவை. 9ஆம் தேதி இரவு கிளம்பி 10ஆம் தேதி காலை இறங்கினால், படிவத்தில் வருகைத் தேதி 10. கிளம்பும் நாளை எழுதிவிட்டால் ஹோட்டலில்லாத ஓர் இரவு முளைத்துவிடும். வெளியேறும் தேதி என்பது ஷெங்கன் மண்ணை விட்டுக் கிளம்பும் நாள், வீடு வந்து சேரும் நாளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எல்லா இரவுக்கும் ஒரு கூரை இருக்க வேண்டும். இரவு ரயிலில் போகிறீர்கள் என்றால் அதை அட்டவணையில் சொல்லுங்கள். ஒருநாள் விடுபட்டாலும் 'அன்று எங்கே இருந்தார்' என்ற கேள்வி எழும்.

கேட்பது முன்பதிவு மட்டுமே, பணம் கட்டிய டிக்கெட் வேண்டும் என்று விதியில்லை. இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஹோட்டல், பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் அல்லது விமான நிறுவனத்தின் தற்காலிக முன்பதிவு போதும். காசுக்கு 'டம்மி டிக்கெட்' அச்சடித்துத் தருபவர்களிடம் மட்டும் போகாதீர்கள். முன்பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. பொய்த் தாள் என்று ஆனால் மறுப்போடு நம்பகத்தன்மையும் போய்விடும். உண்மையான முன்பதிவையும் முடிவு வரும்வரை ரத்து செய்யாதீர்கள். ஹோட்டலுக்கு அவர்கள் போன் செய்து கேட்பது உண்டு.

5. பணம்: தொகையைவிட அது வந்த வழி முக்கியம்

'கணக்கில் எவ்வளவு வைக்க வேண்டும்?' எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். ஒவ்வொரு நாடும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. ஜெர்மனியில் நாளொன்றுக்கு 45 யூரோ என்பது வழக்கமான கணக்கு. பிரான்ஸில் ஹோட்டல் முன்பதிவு இருந்தால் 65 யூரோ, இல்லையென்றால் 120 யூரோ, உறவினர் வீட்டில் முறையான சான்றோடு தங்கினால் 32.50 யூரோ. நீங்கள் போகும் நாட்டின் அளவைத் தூதரகத் தளத்தில் பார்த்து, நாட்களால் பெருக்கி, அதற்கு மேல் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் தவறு. அதிகாரி கடைசி வரியில் இருக்கும் இருப்பை மட்டும் பார்ப்பதில்லை, மாதங்களின் ஓட்டத்தைப் பார்க்கிறார். ஒருவருக்கு மாதச் சம்பளம் 60 ஆயிரம். மாதக் கடைசியில் கணக்கில் பத்து, பதினைந்து ஆயிரம்தான் மிஞ்சுகிறது. விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் திடீரென்று 5 லட்சம் வந்து உட்காருகிறது. இந்தப் பணம் இவருடையது இல்லை, காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வாங்கியது என்றுதான் யாருக்கும் தோன்றும். அதே சம்பளத்தில் இன்னொருவர் மாதம் 20 ஆயிரம் மிச்சம் பிடித்து, ஒன்றரை ஆண்டில் சேர்த்த மூன்றரை லட்சத்தோடு வந்தால் அந்தக் கணக்கு தன்னைத்தானே விளக்கிவிடும். தொகை குறைவுதான், நம்பிக்கை கூடுதல்.

உண்மையிலேயே பெரிய தொகை வந்திருந்தால், நிலம் விற்றது, வைப்புநிதி முதிர்ந்தது, போனஸ் வந்தது என்று எதுவானாலும் அந்த ஆவணத்தின் நகலை ஸ்டேட்மென்டுக்குப் பின்னால் வையுங்கள். அந்த வரியைப் பென்சிலால் குறித்து, ஓரத்தில் காரணத்தை எழுதுங்கள்.

கொடுக்க வேண்டியவை:

– கடைசி 3 முதல் 6 மாத பேங்க் ஸ்டேட்மென்ட். எத்தனை மாதம் என்பதைத் தூதரகப் பட்டியல் சொல்லும். வங்கி முத்திரையோடு வாங்குவது நல்லது.
– சம்பளச் சீட்டுகள். ஸ்டேட்மென்டில் ஏறிய சம்பளத்தோடு தொகை ஒத்துப்போக வேண்டும்.
– வருமான வரித் தாக்கல் நகல்கள்.
– வைப்புநிதி, பங்கு போன்றவை துணைக்கு மட்டும். கையில் எடுக்கக்கூடிய பணத்தின் இடத்தை அவை நிரப்பாது.

சம்பளத்தில் பாதியைக் கையில் ரொக்கமாக வாங்குபவர்களுக்கு இங்கே சிக்கல் வரும். கணக்கில் தெரியாத வருமானம் கோப்பில் இல்லாத வருமானம்தான்.

வேறொருவர் செலவை ஏற்றால் அவருடைய கடிதம், அவருடைய ஸ்டேட்மென்ட், உறவைக் காட்டும் சான்று மூன்றும் வேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

6. திரும்பி வருவதற்கான காரணம்

பணம் போதுமான அளவு இருந்தும் மறுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 'விசா முடிவதற்குள் வெளியேறுவார் என்பதில் சந்தேகம்' என்று எழுதிவிடுவார்கள்.

வேலையில் இருப்பவருக்கு நிறுவனத்தின் கடிதம்: பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், லீவு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த நாளில் வேலைக்குத் திரும்புகிறார். கடைசி விவரம் இல்லாத கடிதமே அதிகம். கேட்டு வாங்குங்கள். தொழில் செய்பவருக்குப் பதிவுச் சான்றும் வரித் தாக்கலும். மாணவருக்குக் கல்லூரிச் சான்றும் விடுமுறைத் தேதிகளும். ஓய்வு பெற்றவருக்குப் பென்ஷன் தாள். வீட்டை நிர்வகிக்கும் பெண்மணிக்குக் கணவரின் வருமான ஆவணங்களும் திருமணச் சான்றும்.

சொத்துப் பத்திரங்களை மூட்டையாகக் கட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. வேலையோ குடும்பமோ காட்டும் பிடிப்பை நிலம் காட்டாது. ஒரு பத்திரத்தின் முதல் பக்கமும் மொழிபெயர்ப்பும் போதும்.

பிள்ளைகள் பெற்றோரில் ஒருவரோடு மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றும் வேண்டும்.

7. உறவினர் வீட்டில் தங்குவதானால்

வெறும் அழைப்புக் கடிதத்தை எல்லா நாடும் ஏற்பதில்லை. பிரான்ஸில் உங்களை அழைப்பவர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்தில் 'அத்தெஸ்தாசியோன் தாக்கேய்' என்ற சான்றை, அதாவது உங்களைத் தன் வீட்டில் தங்கவைப்பதற்கான சான்றை எடுக்க வேண்டும். ஜெர்மனியில் உங்கள் செலவை அவர் ஏற்பதானால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 'ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங்' என்ற பொறுப்பேற்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். (உச்சரிக்க வராவிட்டால் கவலை வேண்டாம், வாங்க வேண்டியவர் அவர்தான்.) இதற்கு அங்கே அப்பாயின்ட்மென்ட், வருமானச் சான்று என்று வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே உங்கள் வேலையைத் தொடங்கும் அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். சான்றில் உள்ள தேதிகள் உங்கள் பயணத் தேதிகளை முழுக்க உள்ளடக்க வேண்டும்.

8. இன்ஷூரன்ஸ்

குறைந்தது 30,000 யூரோ. அவசர மருத்துவம், மருத்துவமனைச் சேர்க்கை, நோயாலோ மரணத்தாலோ சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஷெங்கன் முழுவதற்கும் செல்ல வேண்டும். ஒரு நாட்டின் பெயரை மட்டும் போட்ட பாலிசி செல்லாது. இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் உள்ளே வர வேண்டும். பின்னால் சில நாள் கூட்டி எடுத்தால் பிரீமியம் பெரிதாக ஏறாது, விமானம் தள்ளிப்போனாலும் கவலையில்லை.

தேதிகள் உறுதியான பிறகே வாங்குங்கள். விசா மறுக்கப்பட்டால் பிரீமியத்தைத் திருப்பித் தரும் பாலிசியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

9. படிவமும் கவரிங் லெட்டரும்

படிவத்தைக் கடைசியில் நிரப்புங்கள். எல்லாத் தாளும் கையில் இருந்தால்தான் பார்த்து எழுத முடியும். முக்கியமாகச் செல்லும் நாடு, முதலில் நுழையும் நாடு என்று இரண்டு தனிக் கட்டங்கள் உண்டு. மேலே சொன்ன உதாரணத்தில் முதலாவது சுவிட்சர்லாந்து, இரண்டாவது பிரான்ஸ். இரண்டிலும் ஒரே பெயரைப் போட்டால் டிக்கெட்டோடு மோதும். முன்பு ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்தீர்களா என்றும் கேட்பார்கள். 59 மாதங்களுக்குள் கொடுத்திருந்தால் அந்தத் தேதியை எழுதுங்கள், அதையே திரும்பப் பயன்படுத்த முடியும்.

கவரிங் லெட்டர் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். யார், எங்கே, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எதற்காக, செலவு யாருடையது, எந்த நாளில் எந்த வேலைக்குத் திரும்புகிறீர்கள். அதன் கீழே இணைப்புகளின் பட்டியல். 'சிறு வயதிலிருந்தே ஐரோப்பாவைப் பார்க்கும் கனவு' என்று தொடங்கும் கடிதங்களால் எந்தப் பயனும் இல்லை. பெயர்க் குழப்பம், பெரிய வரவு, வேலை மாறியது போன்று கோப்பில் உறுத்தும் எதுவானாலும் அதற்கான விளக்கம் இங்கே வர வேண்டும். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் கேட்காமலே மறுத்துவிடலாம்.

10. கோப்பு கொடுக்கும் நாள்

நேரில் போக வேண்டும். பத்து விரல் ரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகை இல்லை. கையில் மருதாணியோ வெட்டுக்காயமோ இருந்தால் ரேகை சரியாக விழாமல் போகலாம். கல்யாண வீட்டுக்குப் போய் வந்த வாரத்தில் அப்பாயின்ட்மென்ட் வைக்காதீர்கள்.

புகைப்படம் 35 × 45 மி.மீ., வெளிர் பின்னணி, 6 மாதத்துக்குள் எடுத்தது. பழைய விசாவில் இருக்கும் அதே படத்தைக் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. மையத்தில் கோப்பை வாங்குபவர் முடிவெடுப்பவர் அல்லர். 'இந்தத் தாள் தேவையில்லை' என்று அவர் எடுத்துத் தந்தாலும், முக்கியமானது என்று உங்களுக்குப் பட்டால் சேர்த்தே வைக்கச் சொல்லுங்கள்.

போனைக் கையில் வைத்திருங்கள், மின்னஞ்சலைப் பாருங்கள். கூடுதல் தாள் கேட்டால் கெடு சில நாட்கள்தான். தூதரகத்திலிருந்து உங்கள் நிறுவனத்துக்குப் போன் வரலாம் என்று மனிதவளத் துறைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

11. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஸ்டிக்கரைக் கையில் வாங்கியதும் வாசியுங்கள்

பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள் சரியா என்று கவுன்ட்டரிலேயே பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே திருப்பிக் கொடுப்பது சுலபம்.

தேதிகளை வாசிப்பதில் ஒரு பொறி உண்டு. மே 10 முதல் மே 21 வரை பயணம் என்று வைத்துக்கொள்வோம். வரும் நாளும் போகும் நாளும் சேர்த்து 12 நாள். ஸ்டிக்கரில் மே 10 முதல் ஜூன் 5 வரை செல்லும் என்று இருக்கலாம், அதன் அருகே தங்கும் நாட்கள் 12 என்றும் இருக்கும். ஜூன் 5 வரை தங்கலாம் என்று படித்துவிடுகிறார்கள். கூடுதல் 15 நாட்கள் பயணம் தள்ளிப்போனால் உதவுவதற்கு. எந்த நாளில் நுழைந்தாலும் 12 நாள்தான். 13ஆம் நாள் சட்டமீறல். 2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் மின்னணு வரவு–வெளியேற்றப் பதிவு தொடங்கிவிட்டதால் நாள் கணக்கைக் கணினியே போடுகிறது.

எத்தனை முறை நுழையலாம் என்பதையும் பாருங்கள். '01' என்றால், வெளியே ஒருமுறை காலெடுத்து வைத்த பிறகு திரும்ப நுழைய முடியாது.

விசா இருந்தாலும் எல்லையில் கேள்வி கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஹோட்டல், திரும்பும் டிக்கெட், இன்ஷூரன்ஸ் மூன்றின் அச்சுப் படிகளையும் கைப்பையில் வையுங்கள்.

இந்தியாவில் வசித்து அங்கேயே விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் வந்த சலுகை ஒன்று உண்டு. கடந்த 3 ஆண்டுகளில் 2 விசாக்களைப் பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், 2 ஆண்டு பலமுறை நுழைவு விசா பெற வாய்ப்பு உண்டு. அதற்கடுத்தது 5 ஆண்டு. பாஸ்போர்ட்டில் அவ்வளவு காலம் பாக்கி இருந்தால்தான் பலன். பழைய விசாக்களின் நகலை எடுத்து வைத்திருங்கள்.

12. மறுத்துவிட்டால்

அச்சிட்ட படிவம் ஒன்று தருவார்கள், அதில் காரணத்துக்கு நேரே குறி இருக்கும். மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. அதன் கெடுவும் முறையும் நாட்டுக்கு நாடு மாறும், அந்தத் தாளிலேயே எழுதியிருக்கும். அதிகாரி தாளைத் தவறாகப் படித்தார் என்று காட்ட முடிந்தால் மேல்முறையீடு பொருத்தம். கோப்பிலேயே குறை என்றால் புதிதாக விண்ணப்பிப்பதே விரைவு. மறுவிண்ணப்பத்துக்குக் கட்டாயக் காத்திருப்புக் காலம் கிடையாது.

ஆனால் அதே கோப்பை அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். மறுப்பு விசா தகவல் அமைப்பில் 5 ஆண்டு இருக்கும். வேறு ஷெங்கன் நாட்டிடம் போனாலும் அவர்கள் கண்ணில் படும். 'பயண நோக்கம் தெளிவாக இல்லை' என்ற குறி என்றால் அட்டவணையையும் முன்பதிவுகளையும் திரும்பக் கட்டுங்கள். 'தகவல் நம்பத்தக்கதாக இல்லை' என்றால் எந்த இரண்டு தாள்கள் மோதின என்று தேதிவாரியாகத் தேடுங்கள். 'திரும்புவதில் சந்தேகம்' என்றால் வேலைக் கடிதத்தைத் திருத்தி வாங்குங்கள், பயண நாட்களைக் குறையுங்கள். 25 நாள் லீவு கேட்ட புதிய ஊழியரைவிட 8 நாள் கேட்டவரை நம்புவது சுலபம். புதிய கவரிங் லெட்டரின் முதல் பத்தியில் பழைய மறுப்பின் தேதியையும் குறியிட்ட காரணத்தையும் நீங்களே சொல்லி, இந்த முறை எந்தப் பக்கத்தில் அதற்கான பதில் இருக்கிறது என்று எழுதுங்கள்.